பிடுங்காத பிளக்

இடிச் சத்தம் கேட்டால் ஏஞ்சலாவுக்குக் கை சும்மா இருக்காது. முதல் முழக்கத்திலேயே தொலைக்காட்சி, ஐஸ் பெட்டி, காற்றாடி என்று வீட்டிலுள்ள பிளக்குகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எல்லோருமே அப்படித்தான். ஆனால் ஏஞ்சலாவுக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் ஆரோன் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தபோது மின்னல் கம்பி வழியாக உள்ளே வந்தது. பாட்டு பாதியில் நின்றது. அண்ணன் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

அவள் கணவர் புனிதன் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். தங்கமான மனிதர்தான், கடல் பைத்தியம் பிடிக்கும்வரை. சில வருடங்களுக்கு முன் முன்கூடத்துச் சோபாவைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்பு கலந்து, பம்பு பூட்டி, நீல விளக்கு மாட்டிக் கடலையே குடிவைத்துவிட்டார். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு. கட்டைவிரல் அளவில் கடையிலிருந்து வந்து, இப்போது இரண்டு கையும் கொள்ளாத அளவுக்கு வளர்ந்துவிட்ட ஒரு பவளம். அதன் பச்சை விரல்கள் ஓடும் தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும். மீன்கள் இரண்டும் அதற்குள்தான் படுத்து உருளும். சோப்புக் கையோடு யாராவது தொட்டிப் பக்கம் போனால் மனிதர் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

"என்னைய என்னைக்காவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று ஏஞ்சலா குத்திக்காட்டுவாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்தத் தொட்டி எதற்காக வந்தது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை தோட்டமே லோரியில் ஏறி சி ரூசா கடற்கரைக்குப் போகும். புளிச்சோறு, பாய், பிள்ளைகள், பாட்டு என்று லோரி நிறைந்து வழியும். அப்படிப் போன ஒருநாள், தண்ணீர் வற்றிய நேரத்தில் பாறைக் குட்டை ஒன்றில் பவளத்தைக் கண்டு குனிந்த ஏஞ்சலா நிமிரவே இல்லை. அவளைக் கூட்டிவரச் சொல்லி, தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் அனுப்பிய ஆள்தான் புனிதன். வந்தவனும் குனிந்துவிட்டான். கடைசியில் இருவரையும் இழுத்துப்போக மண்டோரே வந்து திட்ட வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் லோரி முழுக்க இவர்கள் பேச்சுத்தான்.

வெகு காலம் கழித்து இருவரும் அந்தக் குட்டையைத் தேடிப் போனார்கள். பவளம் இருந்த இடத்தில் சேறுதான் காலைப் பிடித்தது. அடுத்த மாதம் தொட்டி வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் போர்டிக்சனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மதியத்துக்கு மேல் இடி இறங்கியது. ஏஞ்சலா வழக்கம்போலப் பிடுங்கினாள். தொட்டியின் பிளக்கையும் பிடுங்கினாள். மழை விட்டதும் மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மழை விட்டால்தானே! குளிருக்கு இதமாகச் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மீன்கள் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. பவளம் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தது. பதறிப்போய் பிளக்கை மாட்டினாள். ஒன்றும் ஓடவில்லை.

"செம்பனை மரம் கம்பி மேல சாஞ்சிருச்சிலா! கரண்ட் எப்ப வருமோ," என்று பக்கத்து வீட்டு மங்கம்மா வேலியோரம் நின்று கத்தினாள்.

ஏஞ்சலா கைப்பேசியை எடுத்தாள். "என்னாங்க, மீனுக்கு மூச்சு வாங்குது. கரண்டும் இல்ல."

"தண்ணிய அசைச்சிக்கிட்டே இரு. காத்து கலக்கணும். நான் வந்துக்கிட்டே இருக்கேன்."

"நான்தாங்க பிளக்க புடுங்குனேன்."

"சரி. அசை," என்றார்.

எதால் அசைப்பது? மழையில் ஓடிப் போய் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்தாள். இரண்டு பெரிய குவளைகளையும் மழைத்தண்ணீரிலேயே அலசினாள். ஆலை கேன்டீனில் இத்தனை வருடமாகத் தேநீர் கலக்கும் கை அது. தொட்டித் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, நுரை பொங்க ஆற்றி ஆற்றித் தொட்டியிலேயே ஊற்றினாள்.

டார்ச்சோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்த மங்கம்மா சிரித்துவிட்டாள். "என்னாடி இது, மீனுக்கு டீயா?"

"வாய மூடிக்கிட்டு டார்ச்ச புடிலா!"

தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. அண்ணன் விழுந்துகிடந்தபோது அவள் மூலையில் நின்று அழுததோடு சரி. அதை நினைக்க நினைக்கக் கை நிற்கவில்லை. "செத்துராதீங்கடா, என்னால செத்துராதீங்க," என்று மீன்களிடம் கெஞ்சினாள்.

புனிதன் கல்யாணச் சட்டை நனைந்து ஒட்ட உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெளியே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து குவளைகளை வாங்கிக்கொண்டார்.

"அதெல்லாம் இன்னும் உசிரோடதான் இருக்கு. நீ உக்காரு," என்றார். அவள் உட்காரவில்லை. மாற்றி மாற்றி இருவரும் ஆற்றினார்கள்.

"அன்னைக்கு அந்தக் குட்டையில இப்படித்தான் ரெண்டு பேரும் குனிஞ்சிக்கிட்டு நின்னோம்," என்றாள்.

"எனக்கு மண்டோரு திட்டுனதுதான் ஞாபகம் இருக்கு," என்றார் புனிதன்.

ஒருவழியாகக் கரண்ட் வந்தது. பம்பு முனகி ஓடத் தொடங்க, மீன்கள் கீழே இறங்கின. பவளம் மட்டும் மூடியே கிடந்தது. மறுநாள் பூசையில் பாதிரியார் என்ன சொன்னார் என்று ஏஞ்சலாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஓரமாக ஒரு பச்சை விரல் வெளியே நீண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரமே மறுபடி இடி இறங்கியது. புனிதன் ஆலையில் இருந்தார். ஏஞ்சலா தொலைக்காட்சியைப் பிடுங்கினாள், ஐஸ் பெட்டியைப் பிடுங்கினாள், காற்றாடியைப் பிடுங்கினாள். தொட்டியின் பிளக்கில் கை வைத்தாள். மின்னல் ஜன்னலை வெளுத்துவிட்டுப் போனது.

கையை எடுத்துக்கொண்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, செபமாலையோடு தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரோன் அண்ணே," என்றாள், "இத மட்டும் கொஞ்சம் பாத்துக்க."