பெரிய எழுத்தில் வந்த குரல்

தமிழ்மொழி அந்த ஃபைலை கிளிக் செய்தாள். தம்பியின் குரல் வரவில்லை. திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் கொம்பு முளைத்த எழுத்துகளுமாகக் கொட்டின. பாட வேண்டிய ஃபைல், கடிதம் அடிக்கிற எடிட்டரில் போய்த் திறந்துகொண்டிருந்தது.

முதுகுக்குப் பின்னால் கட்டிலில் அம்மாவின் மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. அது நிற்கும்போதெல்லாம் தமிழ்மொழியின் விரலும் மவுஸில் நின்றது.

"இன்னா மொழி, பேசறானா?" கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்.

"இருப்பா. இப்ப வந்துரும்."

தம்பி வேலு சரக்குக் கப்பலில் இருக்கிறான். நடுக்கடலில் அவனை ஃபோனில் பிடிக்க முடியாது. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியபோது அக்காவின் மெயிலைப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரில் தன் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டுக் கப்பலேறிவிட்டான். தமிழ்மொழி தி.நகரில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். நேற்று அங்கேதான் அதை ஃபிளாப்பியில் இறக்கி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தாள்.

வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேலு வந்தானா?"

எடிட்டரை மூடப் போனாள். அவசரத்தில் விரல் ஏதோ ஒரு விசையில் பட்டது. உடனே ஒரு பெட்டி குதித்து வந்து, மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது. தப்பாக அழுத்தினால் ஃபிளாப்பியில் இருக்கும் குரல் போய்விடும். இன்னொரு பிரதி வகுப்பில் இருக்கிறது. இன்று ஞாயிறு, பூட்டியிருக்கும். நாளைக் காலை வரை அம்மா... அந்த நினைப்பை முடிக்கவே பயந்தாள். மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

"கெட்டுப் போச்சா?" அப்பாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"தெரிலப்பா."

"அவ வாசலையே பாத்துக்கினு கீறா மொழி."

தமிழ்மொழி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது. சிடியோடு வந்த மணியோசை ஃபைல் ஒன்றை கிளிக் செய்தாள். டிங் என்றது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, பாடும் ப்ரோகிராமும் இருக்கிறது. அப்படியானால் வேலுவின் ஃபைல்தான் கெட்டுவிட்டதா? பின்னால் மூச்சு நின்றது. வெகுநேரம் நின்றமாதிரி இருந்தது. பிறகு இழுத்தது.

இரண்டு ஃபைல்களின் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். மணியோசையின் கடைசி மூன்று எழுத்து wav என்று சின்ன எழுத்தில் இருந்தது. வேலு அனுப்பியதில் WAV என்று பெரிய எழுத்து. லினக்ஸுக்குச் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. மாணவர்களுக்கு அவள் வாரா வாரம் சொல்லும் பாடம். இது ஒலி ஃபைல் என்று தெரியாமல் அது எடிட்டரைக் கூப்பிட்டிருக்கிறது, அவ்வளவுதான்!

எந்த வகை ஃபைலை எந்த ப்ரோகிராம் திறக்க வேண்டும் என்று குறித்திருக்கும் இடத்துக்குப் போனாள். ஒலி வகையில் பெரிய எழுத்து WAV-ஐயும் சேர்த்தாள். முதல் தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். திரும்ப வந்து பார்த்தபோது ஃபைலின் படம் காகிதத்திலிருந்து இசைக்குறியாக மாறியிருந்தது.

கிளிக் செய்தாள்.

"அம்மா... வேலு பேசறேம்மா."

அம்மாவின் கண் திறந்தது. ஸ்பீக்கர் இருந்த பக்கம் திரும்பாமல் வாசலையே பார்த்தாள். "உள்ள வாடா," என்றாள்.

"வந்துட்டான் தேவான," என்றார் அப்பா.

"இங்க ஒரே குளிரு. உனக்கு ஸ்வெட்டர் ஒண்ணு வாங்கிக்கீறேன். மெட்ராஸ்ல எதுக்குடான்னு திட்டாத." வேலு சிரித்தான். முடிந்ததும் அம்மாவின் உதடு அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று இருவருக்குமே புரிந்தது. தமிழ்மொழி மறுபடி போட்டாள். இந்தத் தடவை அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவன்போல வேலு கொஞ்சம் நிறுத்தினான்.

அந்த இடைவெளியில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

தமிழ்மொழி திரும்பினாள். வேலு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான். நிறுத்தும் பட்டன் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அதை அழுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவின் நெற்றியில் கிடந்த நரைமுடி லேசாக அசைந்தது.

"அப்பா, மூச்சு கீதுப்பா... பாரு, அசையுது."

அவர் தேவானையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து மொழி," என்றார். எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.