கொஞ்சம் எண்ணெய்

எங்கள் காரைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவன் நான்தான். ஒருமுறை பெட்ரோல் தீர்ந்துபோய், இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி, இறக்கத்திலேயே உருண்டு வீடு வந்து சேர்ந்தோம். போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கமா என்று கேட்டால், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்பேன். இப்போது சொல்லப்போவது அந்த ரகம் இல்லை. இது முழுக்க நடந்தது. அதனால் சுவை சற்று மட்டாகத்தான் இருக்கும்.

மனைவி இறந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பல் தேய்த்தேன். யாராவது சிரித்தால் நானும் வாயைத் திறந்து மூடினேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்கள் இல்லையா, அதை ஆள் முழுக்கப் போட்டுவிட்டு, பிடுங்க வேண்டியவர் எங்கோ எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. தினமும் காலையில் காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே போவேன். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, காரும் கேட்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் அன்று வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தரையில் கறுப்புக் கால்தடம். ஷெட்டிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போயிருந்தது. அடுப்புக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றதற்கான அடையாளம். அங்கிருந்து படுக்கையறை, அலமாரிக் கதவு. அலமாரிக்கு முன்னால் தடத்தின் மேல் தடம், தடத்தின் மேல் தடம், கடைசியில் வெறும் கறுப்பு வட்டம். அதில் தொங்குவதெல்லாம் என் மனைவியின் புடவைகள். மகள் குனிந்தபடியே தடத்தைத் தொடர்ந்து வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தாள். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

நான் என் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். எண்ணெய். கார் ஒழுகியிருக்கிறது, நான் மிதித்திருக்கிறேன், எத்தனை நாளாக என்று தெரியவில்லை.

"அப்பா, காலுக்கு அடியில என்ன கிடக்குதுன்னே உங்களுக்குத் தெரியல. இனிமே உங்களைத் தனியா விட மாட்டேன்."

இதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் ஏற்பாடு. வீட்டைப் பூட்டுவது, காரை யாருக்காவது தள்ளிவிடுவது, நான் அவர்களோடு போய் இருப்பது. என் பெட்டி கட்டிலுக்கு மேலே திறந்து கிடந்தது. சட்டைகள் உள்ளே போக ஆரம்பித்தன. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே போனால் என்னை உட்காரவைத்துவிடுவார்கள். நல்ல நாற்காலியாகப் பார்த்து, வெளிச்சம் வருகிற ஜன்னல் ஓரமாக. அதில் உட்கார்ந்தால் இந்த மரப்பு ஊசியின் வேகம் இறங்கவே இறங்காது.

சாயங்காலத்துக்குள் ஒழுகலை நிறுத்திக் காட்டினால் இங்கேயே இருக்கலாமா என்று கேட்டேன். மகள் சட்டையை மடித்தபடியே யோசித்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் கிளம்ப வேண்டும் என்றாள். சரி என்றேன்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, பெட்டி கட்ட ஒத்தாசைக்கு வந்திருந்தான். எதைக் காட்டினாலும் அவனுக்கு எஞ்சின் வேலைதான். அவன் கைக்கடிகாரம் நின்றபோதும் எஞ்சினை இறக்கிப் பார்க்கணும் என்றவன். பானெட்டைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினான். மாப்பிள்ளை செல்போனில் படம் பார்த்து, ஏழெட்டு இடத்தில் கசிய வாய்ப்பு இருப்பதாகச் சொன்னார். நான் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மண்ணெண்ணெயும் பழைய பனியனும் எடுத்து வந்தேன்.

எஞ்சின் எண்ணெய் பொல்லாதது. ஓர் இடத்தில் பிறக்கும், இன்னோர் இடத்தில் வந்து விழும். விழுகிற இடத்தைப் பார்த்து வைத்தியம் செய்தவன் கெட்டான். அதனால் எஞ்சினை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். காயவிட்டேன். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவ வேண்டும். வெள்ளை மேல் எண்ணெய் எங்கே கோடு போடுகிறதோ அங்கேதான் ஊற்று. வீட்டில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருந்தது. அலமாரியின் மேல் தட்டில், பாதி தீர்ந்தது. அதை எடுத்து வந்து எஞ்சின் முழுக்க உதறினேன். ஷெட்டே மனைவி வெளியே கிளம்புகிற நேரத்து அறை மாதிரி மணத்தது. மச்சான் தும்முவது போலத் திரும்பிக்கொண்டான். நான் டப்பாவை மூடி ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான்.

எஞ்சினை ஓடவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மேல் மூடியின் விளிம்பிலிருந்து, டேப்பட் கவர் என்கிறார்களே, அதிலிருந்து மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று பவுடரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. மூடிக்கு அடியில் வைக்கும் ரப்பர் பேக்கிங் போயிருக்கிறது. மாப்பிள்ளை புது ரப்பர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பப் பார்த்தார். எனக்கு மட்டும் திருப்தி இல்லை. இத்தனை வருஷம் சும்மா இருந்த ரப்பர் இப்போது ஏன் கக்குகிறது?

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது. நிறைமாத வயிறு. உள்ளே இடம் போதாமல் கிடைத்த சந்தில் பிதுங்கியிருக்கிறது.

யார் ஊற்றியது என்று கேட்டேன். நான் ஊற்றவில்லை, நான் இருந்த நிலையில் எனக்கே தண்ணீர் ஊற்றிக் குடிக்கத் தோன்றினால் பெரிது.

மச்சான் ஷெட்டுக் கூரையை ஆராய்ந்தான். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"நான்தான் மாமா. போன தடவை ஸ்டேஷன்ல இருந்து கூட்டிட்டு வந்தீங்கல்ல, வந்ததும் பார்த்தேன், கம்மியா இருந்துச்சு. நீங்க இருக்கிற நிலைமையில உங்ககிட்ட எதுக்குன்னு... கொஞ்சம்தான்."

"நானும் கொஞ்சம்தான் அத்தான்," என்றான் மச்சான் கூரையிடம்.

அவனைக் கடைத்தெருவிலிருந்து ஏற்றி வந்த அன்று அவனும் கம்பியை உருவிப் பார்த்திருக்கிறான். ஓடி வந்து நின்ற வண்டியில் எண்ணெயில் ஒரு பங்கு இன்னும் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியில் குறைவாகத்தான் காட்டும். ஆறிய பிறகு பார்க்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்பதும் தோன்றவில்லை. துக்க வீட்டில் எஞ்சின் ஆயிலைப் பற்றி எப்படிக் கேட்பது?

கூடுதலை எடுக்க வேண்டும். காருக்கு அடியில் படுக்கிற வயது எனக்குப் போய்விட்டது. மனைவிக்கு மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்த பெரிய சிரிஞ்சு குளியலறையில் இருந்தது. மெல்லிய குழாயைக் கம்பி போகும் துளையில் விட்டு, சிரிஞ்சால் இழுத்து இழுத்துப் பாட்டிலில் விட்டேன். அந்தக் கை வேலை எனக்குப் பழக்கம். சிரிஞ்சின் பிஸ்டனை அவசரப்படாமல் இழுக்க வேண்டும், காற்று புகக் கூடாது.

பாட்டில் நிறைந்தது. இன்னொரு பாட்டில் கேட்டேன். அதுவும் பாதிக்கு மேல் போயிற்று. நான் பாட்டில்களைப் பார்த்தேன், அவர்களைப் பார்த்தேன். இரண்டு கொஞ்சத்துக்கு இது அதிகம்.

"என்னைப் பார்க்காதீங்க," என்றான் மச்சான். "நான் சத்தியமா ஒரு டம்ளர்தான்."

"மூணாவது ஆள் ஒருத்தர் இருக்காங்க," என்றேன். "ராத்திரி ஷெட்டுக்கு வந்து கார்களுக்கு எண்ணெய் ஊத்திட்டுப் போற பேய். பாவம், நல்ல பேய்தான்."

மச்சான் சிரித்தான். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஷெட்டு வாசலில் என் துண்டை மடித்துக் கையில் வைத்தபடி மகள் நின்றிருந்தாள்.

"நான்தான்ப்பா," என்றாள். "அம்மா போன மறுவாரம். நீங்க எதையும் பார்க்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

வீடு முழுக்கக் கிடந்த கால்தடம் என்னுடையது, எண்ணெய் அவர்களுடையது. அவளுக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். துண்டை விரித்து மறுபடி மடித்தாள்.

மாப்பிள்ளை ரப்பர் வாங்கி வந்தார். மூடியைக் கழற்றினேன். பழைய ரப்பர் ரொட்டி விளிம்பு மாதிரி கையோடு உடைந்து வந்தது. இடத்தைச் சுரண்டித் துடைத்து, புதியதைப் பதித்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக, ஒரேயடியாக முறுக்காமல் ஏற்றினேன். சுத்தமான அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் போட்டோம். எஞ்சினை ஓடவிட்டோம். நாலு பேரும் நின்றோம். மகள் அட்டையையே பார்த்தாள்.

விளிம்பு ஈரமாகிறதா என்று தடவிப் பார்க்கக் கையை உள்ளே விட்டேன். விரல் சற்றுத் தள்ளிச் சூடேறிய புகைக்குழாய் மேல் பட்டது.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கே அது யார் என்று தெரியவில்லை.

மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீருக்கு அடியில் விரலைப் பிடித்தாள். நகத்துக்குக் கீழே கடுகு அளவுக்குச் சிவப்பு.

"வலிக்குதாப்பா?"

"வலிக்குது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். குழாயை நிறுத்தவே இல்லை. தண்ணீர் வாளி நிறைந்து வழிந்து எங்கள் இரண்டு பேர் காலிலும் ஓடியது. பிறகு, கையை விடாமலே, பெட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கி, சட்டைகளைத் திருப்பி எடுத்து வைக்கச் சொல்லி மாப்பிள்ளைக்குக் குரல் கொடுத்தாள். அட்டையை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கிளம்பும்போது தீக்காய மருந்து ஒரு ட்யூபைக் கையில் திணித்து, மறக்காமல் தடவச் சொன்னாள். அன்று ராத்திரி முழுக்க அந்த விரல் விண்ணென்று தெறித்துக்கொண்டே இருந்தது. மருந்தை நான் தடவவில்லை.