பிரசிடெண்ட் யாரு

2013 ஆகஸ்ட் 15 அன்று, நாகப்பட்டினம் மாவட்டம் மேலவாய்க்கரை ஊராட்சியின் கிராமசபை, வயல்களில் எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. கையெழுத்திட்டது தலைவர் பிரகதாம்பாள்.

பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி அது. தாலுகா ஆபீசுக்கும் கூட்டங்களுக்கும் அவள் கணவர் மருதையன்தான் போவார். ஊர் அவரைத்தான் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டது. அவள் பிரசிடெண்டு வீட்டம்மா. அன்று மட்டும் அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால், அவளே போய், அவளே எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் டீக்கடை முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. எதிரே தன் வீட்டு ஜன்னலிலிருந்து பிரகதாம்பாள் அதைப் பார்த்தாள்.

“பிரசிடெண்ட் யாருய்யா?” என்றார் ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர்.

“அதோ, சைக்கிள்ல வராருங்களே,” என்றார் டீக்கடை ரெத்தினம்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளை மறித்தார். “தீர்மானம் போட்டது நீதானா?”

மருதையன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “ஆமாங்க.”

அவளுடைய கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டது. அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகும் அதைத் திறக்கக் கை வரவில்லை.

கொல்லை வழியாகப் பக்கத்து வீட்டு சாவித்திரி வந்தாள். “ஆம்பளை, நாலு அடி வாங்கிட்டு வந்துடுவாரு. நீ வாயைத் தொறக்காத.”

“கையெழுத்து என்னுதுக்கா.”

“மெதுவாப் பேசு.”

மத்தியானம் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். பெஞ்சில் மருதையன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் போய்விடு என்பது போலத் தலையை அசைத்தார்.

“பிரசிடெண்ட் நான்தாங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “அது பேருக்குத்தானேம்மா. உக்காருங்க. தீர்மானத்தை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு ரெண்டு பேரும் போங்க. பையன் ராஜ்குமார் மஸ்கட்லதானே? பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும்னா விசாரணை எங்ககிட்டதான் வரும்.”

மகன் பெயரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கிராமசபை போட்டதை நான் வாபஸ் வாங்க முடியாதுங்க. கையெழுத்து என்னுது. அவரை விட்டுடுங்க.”

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. ரைட்டரைக் கூப்பிட்டார். “பேரை மாத்தி எழுதுய்யா.”

மாலையில் மருதையனை விட்டார்கள். மக்களைத் தூண்டியதாக வழக்குப் போட்டு பிரகதாம்பாளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ராஜ்குமாரின் பாஸ்போர்ட் அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை.