மூடாது என்றார் கவர்னர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை, எரிச்சலில் ஆரம்பித்தேன். எங்கள் இத்தாலியில் கட்சிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறி, அரசாங்கம் கவிழ்ந்து, எல்லோரும் ஓய்ந்த பிறகு யாராவது ஒருவர் மத்திய வங்கிப் பக்கம் கை காட்டுவார். அங்கிருந்து சாம்பல் நிறக் கோட்டில் ஒரு மனிதர் வந்து பிரதமர் நாற்காலியில் உட்காருவார். எங்களுக்கு இது பழகிவிட்டது.

இந்தக் கதையில் வருபவர் எர்மெதே வல்செக்கி. (பெயர் கற்பனை. தேடிப் பார்க்க வேண்டாம்.) மத்திய வங்கியின் கவர்னராக இருந்தவர். பிரதமரான பிறகும் ஊரே அவரைக் 'கவர்னர்' என்றுதான் கூப்பிடுகிறது.

2

முதல் தொடக்கம்: 'கவர்னர் வல்செக்கி வாயைத் திறந்தாலே பொய்...'

அடித்துவிட்டேன். பொய்யரை எழுதுவது சுலபம். இவர் பொய்யர் இல்லை, அதுதான் தொல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'ஃப்ரிட்ஜ் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பாஸ்தா ஆறிக்கொண்டிருந்தது. பிரதமர் இன்னும் வரவில்லை.'

இது பரவாயில்லை, இருக்கட்டும். அந்த ஆலையில் கதவுக்கு ரப்பர் பொருத்துகிறவள் லொரெதானா. என் மாடிவீட்டுக்காரி. புருஷனை விரட்டிவிட்டு மகளோடு இருக்கிறாள். ஆலையை மூடிவிட்டு முதலாளி வெளிநாட்டுக்குப் போகப்போவதாகப் பேச்சு. கவர்னர் வந்த அன்று கூட்டத்தில் எழுந்து நின்றவள் அவள்தான்.

"கவர்னர் ஐயா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஆலையை மூடுவாங்களா, மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூட மாட்டாங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"என் வார்த்தை போதாதாம்மா?"

கூடமே கைதட்டியது. லொரெதானா தட்டிக்கொண்டே அழுதாளாம். அவளே சொன்னாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

3

[இங்கே ஒரு விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.]

அவர் வங்கியில் இருந்த காலத்தில் ஒருமுறை ஜனங்கள் பயந்துபோய், போட்ட பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். கவர்னர் தொலைக்காட்சியில் வந்து, 'யாருடைய பணமும் எங்கேயும் போகாது' என்றார். அவ்வளவுதான். மறுநாள் வரிசை இல்லை. ஒரு காசுகூட செலவாகவில்லை. எல்லோரும் நம்பினார்கள், நம்பியதாலேயே அது உண்மையாகிவிட்டது. பாவம், சொன்னாலே நடந்துவிடும் என்ற அந்தப் பழக்கம் மனிதருக்கு அன்று தொற்றிக்கொண்டது.

4

இந்தக் காட்சியில் நான் இல்லை. கற்பனை செய்கிறேன். ஆலையிலிருந்து திரும்பும் கார். பின்சீட்டில் கவர்னரும் அவருடைய செயலாளர் பியாமெத்தாவும்.

"ஐயா, முதலாளி இன்னும் ஒத்துக்கலையே. எதை வச்சு மூட மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

"சொல்லியாச்சுல்ல? ஊரே நம்புது. இனிமே அவனால மூட முடியாது."

"அன்னிக்கு உங்க வார்த்தைக்குப் பின்னாடி நோட்டு அடிக்கிற அச்சகம் இருந்துச்சு ஐயா. இன்னிக்கு ஆட்சியைத் தாங்குற மூணு கட்சிதான் இருக்கு. மூணும் பேசிக்கிறதில்ல."

கவர்னர் வெளியே பார்த்தார். அவர் முகத்தில் (குற்ற உணர்ச்சி? பயம்? இல்லை...) தூக்கம் இருந்தது. அந்த மனிதருக்கு எழுபது வயது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கும் இருக்காதா?

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதோடு கதையும் நின்றுவிட்டது.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: ஆலை மூடவில்லை. ஒரே வரி. எழுதுவதற்கு எனக்கு எந்தச் செலவும் ஆகவில்லை. எழுதியதும் சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்தேன், நானும் கவர்னர் செய்ததைத்தானே செய்திருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முடிவு: ஆலை மூடுவதற்கு முன்னால் கவர்னரின் அரசே கவிழ்கிறது. இது நடக்கக்கூடியது. எழுதத்தான் கை வரவில்லை.

மூன்றாவது முடிவில் லொரெதானா வேறு ஊருக்குப் போய்... போய், அங்கே...

இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவளே கதவைத் தட்டினாள். தூரத்து நகரமான ட்ரெந்தோவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தானாக விலகிப் போனால் ஆலையிலிருந்து இழப்பீடு கிடைக்காது, மகளின் பள்ளிக் கடைசி வருஷமும் நடுவில் அறுந்துபோகும். போகாமல் இருந்து ஆலையும் மூடிவிட்டால், ஐம்பது வயதுக்காரிக்கு இந்த வட்டாரத்தில் யார் வேலை தருவார்கள்?

"எழுத்தாளரம்மா, அந்த மனுஷனைப் பத்தித்தானே உக்காந்து எழுதிக்கிட்டிருக்க? சொல்லு, அவரை நம்பலாமா?"

"எனக்கு எப்படிடீ தெரியும்?"

"அப்ப எதுக்கு எழுதுற?"

காபி போட எழுந்தேன்.

6

இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறாள். காபியைத் தொடவில்லை, கையில் கைபேசி. என்னால் முடியவில்லை, முடிவை உங்களிடமே தந்துவிடுகிறேன். மற்ற கதைகளில் நீங்கள் மனதுக்குள் ஒரு முடிவை வைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடலாம். இவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். போகட்டுமா, இருக்கட்டுமா?

பார்த்துச் சொல்லுங்கள். ரொம்பக் களைத்துப்போயிருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் இப்போது நம்பிவிடுவாள்.