வெளுக்காத முகம்

வேன்களுக்குப் படம் அச்சடித்து ஒட்டுகிறவனிடம் மையைப் பற்றி மட்டும் வாயைக் கொடுக்கக் கூடாது. மணிக்கணக்கில் அளப்பான். அன்று அக்கா கேட்டபோதும் அப்படித்தான் ஆரம்பித்தான். நான்கு மாதத்துக்கு முன் பள்ளிக்கூடம் போன அக்காவின் மகள் குட்டி வீடு திரும்பவில்லை. அவளுடைய படத்தைத் தன் சரக்கு வேனில் பெரிதாக ஒட்ட வேண்டுமென்று வந்திருந்தாள் அக்கா.

“யூவி மை உடனே காயும், ஆனா கதவு வளைவுல விரிசல் விடும். நல்ல சால்வென்ட் மை போட்டு, மேல கண்ணாடி மாதிரி லேமினேஷன் ஷீட் ஒட்டினா அஞ்சு வருஷம் அசையாது.”

“அஞ்சு வருஷமா?” அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. “அதுக்குள்ள வந்துட மாட்டாளாடா? சீக்கிரம் வெளுக்கிற மை இல்லையா?”

“இருக்கு. ஒரு கோடைகூடத் தாங்காது. மஞ்சளும் சிவப்பும் முதல்ல போயிடும்.”

“அதையே போடு. ஷீட்டும் வேணாம்.”

அக்கா பிடித்தால் பிடித்த பிடிதான். தலையாட்டி அனுப்பிவைத்தான். ஆனால் மஞ்சளும் சிவப்பும் போனால் மிஞ்சுவது நீலம். குட்டியின் முகம் நீலம் பாரித்துத் தெருத்தெருவாகச் சுற்றுவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொல்லாமல் நல்ல மையையே போட்டான்.

மையின் ஆவி வெளியேற அச்சான படம் ஒரு நாள் முழுக்க ஆற வேண்டும், அப்புறம்தான் மேல் ஷீட். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஆளுயரம் தொங்கிய குட்டி, அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவனையே பார்த்தாள். ‘மாமா’ என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காமல் ஷீட்டைப் போட்டு ஒட்டிவிட்டான், மடையன்.

கோடை போயிற்று. வேன் கடையைத் தாண்டும்போதெல்லாம் குட்டி அச்சடித்த அன்றைய நிறத்திலேயே சிரித்துக்கொண்டு போனாள். அவன் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

ஒருநாள் வேன் கடை வாசலிலேயே நின்றது. அக்கா இறங்கி அவனைக் கதவருகே கூப்பிட்டாள். உள்ளே அடைபட்ட மையின் ஆவி ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. குட்டியின் காதோரம் கண்ணாடித் தோல் போலச் சுருண்டிருந்ததை அக்கா விரலால் நீவினாள்.

“இதுதானே அந்த ஷீட்டு?”

“நீலமா போயிடும்க்கா. என்னால பார்க்க முடியாதுன்னுதான்...”

“அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா, அவ வரமாட்டாள்னு?” அக்காவின் குரலில் கோபமே இல்லை. “ஊரே அவ போயிட்டாள்னு சொன்னப்போ, நீயாவது அவ வருவாள்னு நம்புறியேன்னு நெனச்சுத்தான்டா நானும் நம்பிட்டிருந்தேன்.”