முப்பத்தேழாவது மரபணுவின் முகவரி

எண்பது மரபணுக்களுக்கு முகவரி கண்டுபிடித்தோம் என்று வாய் நிறையச் சொல்லிவிடலாம். முதுகு ஒடிந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

உடம்புக்கு வேண்டிய புரதங்களைக் கட்டித் தருவது செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம். அதைக் கட்டுவதற்கே எண்பது புரதங்கள் வேண்டும். அவற்றின் மரபணுக்கள் எந்தெந்தக் குரோமோசோமில் இருக்கின்றன என்ற வரைபடம் அன்று ஐந்து மணிக்குள் ஆய்வுப் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். ஆய்வகத் தலைவன் பெருமையில் மிதந்துகொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் இங்க வாங்க" என்றாள் அண்ணி.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அங்கே சோதனைகள் செய்பவள் அவன் அண்ணனின் மனைவி. வீட்டில் தம்பி, வேலையில் சார் என்று பதினோரு வருடமாக வழுவாதவள், இன்று இங்கேயே தம்பி என்கிறாள்.

"முப்பத்தேழாவது மரபணுவோட இடம் தப்பு."

"அது நான் பண்ணதாச்சே!"

"அதான் சொல்றேன்."

இரண்டு படங்களை விளக்குப் பெட்டிமேல் வைத்தாள். ஒவ்வொரு படத்திலும் இருபத்துநான்கு தடங்கள். ஒவ்வொரு தடமும் ஒரு மனிதக் குரோமோசோமை மட்டும் சுமக்கும் எலிச் செல்களிலிருந்து வந்தது. எந்தத் தடத்தில் கோடு தெரிகிறதோ அதுதான் முகவரி. அவன் படத்தில் ஐந்தில் கோடு, அவள் படத்தில் பதினொன்றில்.

"உங்களுக்குக் கிடைச்சது அந்த மரபணுவோட செத்த நகல், வேலை செய்யாது. நிஜ மரபணுவுல நடுநடுவுல இடைத்துண்டு இருக்கும், நகல்ல இருக்காது. நான் இடைத்துண்டை வச்சுத் தேடினேன். நீங்க அவசரத்துல அதை விட்டுட்டீங்க."

"எண்பதையும் மறுபடி பண்ணீங்களா?"

"நேரம் ஏது? நீங்க பண்ண ஒன்பதை மட்டும் பண்ணேன். மத்ததெல்லாம் நான் பண்ணதுதானே."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தது! ஒரு மாதம் மூச்சுவிடாமல் செய்திருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க அந்த ஆய்வகம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனதாரத் தோன்றியது.

அப்புறம்தான் அது உறைத்தது. அந்த ஐந்தாம் குரோமோசோம் முகவரியை ஆறு மாதம் முன்பே, பெருமை தாங்காமல், ஒரு டாக்டருக்குக் கொடுத்திருந்தான். ரத்தம் ஊறாத ஒரு குழந்தைக்கு இந்த மரபணுவில்தான் பழுதோ என்று அவர் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைக்கு நாளைக்குக்கூடப் போகட்டும்" என்றாள் அண்ணி. "முதல்ல அவருக்குச் சொல்லுங்க."

அவன் டாக்டரின் எண்ணைத் தேடி எடுத்தான். போன் செய்தான்.

"டாக்டர், நான் கொடுத்த இடம் தப்பு. தப்பு என்னோடது. சரியான இடத்தை எங்க அண்ணி கண்டுபிடிச்சிருக்காங்க. பதினொண்ணு."

திட்டுக்காகக் காத்திருந்தான். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க" என்றார் டாக்டர். "அந்தக் குழந்தையோட அம்மா வெளியில உட்கார்ந்திருக்காங்க. இனிமே தேடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான் வரச்சொன்னேன்."