ஒண்டு எனக்கு, மறுகா நீ

2

எண்ணைப் பார்த்துவிட்டு அச்சகத்தைத் திட்ட வேண்டாம். இந்தக் கதை இரண்டில்தான் தொடங்குகிறது. ஒன்று எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காதுக் கோளாறிலிருந்து வந்தது. என் காது அல்ல, கொழும்பிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரரின் காது. 2009 கடைசியில், சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, ஆளாளுக்கு மட்டக்களப்பைப் பார்க்க வந்துகொண்டிருந்த நாட்களில், அவர் கல்லடியில் ஜெயந்தன் என்ற பேஸ் கிற்றார்காரனைச் சந்தித்தார். ஜெயந்தனின் வாசிப்பில் ஒரு விசேஷம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளத்தை எண்ணினால் மற்ற எல்லாரும் ஒன்றில் இறங்குவார்கள். ஜெயந்தனின் கை ஒன்றில் கம்பியைத் தொடாது. இரண்டை ஒட்டித்தான் வருவான். அந்த இடைவெளியில் பாட்டு ஒருதரம் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

"இந்தப் பாணிக்கு என்ன பெயர்?" என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"பெயரென்ன பெயர். மறுகா வாசிக்கிற, அவ்வளவுதான்" என்றான் ஜெயந்தன்.

எங்கள் ஊரில் மறுகா என்றால் பிறகு. மறுகா வாறன், மறுகா குடிப்பம், மறுகா பாப்பம். நாளைக்கு நூறு தரம் வாயில் வரும் சொல். பத்திரிகைக்காரரின் காதில் அது 'மறுகரை' என்று விழுந்தது. ஞாயிறு இதழில் முழுப் பக்கம்: 'மறுகரை இசை: வாவிக்கு அப்பால் நிற்கும் இறந்தவர்களுக்காக ஒரு தாளத்தை மௌனமாக விடும் கலைஞன்.' பாலத்தடியில், கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெயந்தன் தூரத்தைப் பார்க்கும் படம். (அவன் பார்த்தது பஸ்ஸை. தவறவிட்டும் விட்டான்.)

எங்களுக்கு மறுகரை என்று ஒன்றே இல்லை. பொழுது எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. இரண்டு கரையும் பெயரோடுதான் இருக்கின்றன. ஆனாலும் கட்டுரை அழகாக இருந்தது. அதுதான் வினை.

3

கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

'வாவி அசையாமல் கிடந்தது. பாலத்தின் அடியில் மீன்கள் —'

இல்லை. மட்டக்களப்பைப் பற்றி எழுத உட்கார்ந்த எவரும் முதல் பந்தியிலேயே அந்தப் பாடும் மீனைப் பிடித்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் அது வராது. இந்தப் பந்தியில் வந்ததைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

'கடல் எழுந்து வந்த அந்தக் காலையில் —'

இதுவும் வேண்டாம். அது தன்பாட்டில் வரும்.

'ஜெயந்தன் ஒரு சோம்பேறி.'

இது நன்றாக இருக்கிறது. உண்மையும்கூட. இதையே வைத்துக்கொள்வோம்.

4

ஜெயந்தன் ஒரு சோம்பேறி. அவனை உருவாக்கிய இசைக்கலைஞர்கள் என்று கட்டுரை நீளமாகப் பெயர்களை அடுக்கியிருந்தது. அதில் பாதிப் பேரை அவன் அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டான். அவனைக் கேட்டால், தன்னை உருவாக்கியவர்கள் ஒன்றரைப் பேர் என்பான்.

அரைப் பேர், சரீப். காத்தான்குடியில் ரேடியோவும், சத்தத்தைக் கூட்டும் அம்ப் பெட்டியும் திருத்தும் கடை வைத்திருப்பவர். அவருடைய பெரியப்பா றபான் என்ற கைப்பறையை ஏந்தி அடித்துக்கொண்டு பக்கீர்மாரோடு ஊரூராகப் பாடிப் போனவர். சரீப் எதையும் ஏந்தவில்லை. ஆனால் ஒரு ஸ்பீக்கரைத் திருத்தி முடித்தால், கையில் அகப்பட்ட கிற்றாரை அதில் கொழுவி, தடித்த கம்பியில் பெருவிரலின் பக்கவாட்டால் 'தொம், தக்க தொம்' என்று அடித்துப் பார்ப்பார். தன் கிற்றாரைத் திருத்தக் கொடுத்திருந்த ஜெயந்தன் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். அதுவரை கம்பியைக் கிள்ளிக்கொண்டிருந்தவன், அன்றிலிருந்து பெருவிரலால் அடிக்கத் தொடங்கினான்.

"உங்களிட்டதான் காக்கா பழகின" என்று அவன் அண்ணன் முறை வைத்துச் சொன்னால் சரீப்புக்குக் கோபம் வரும்.

"நான் எங்க தம்பி வாசிச்ச? ஸ்பீக்கர் வேல செய்யுதா எண்டு பாத்த."

(கட்டுரையில் சரீப் இல்லை. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஆகாமல், கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஆள் போய்வராத காலங்களும் இருந்தன. அப்படியான காலத்தில் அம்ப் பழுதானால் ஊரில் பாட்டும் இல்லை. இதையெல்லாம் ஒரு மறுகரைக்குள் அடக்குவது கஷ்டம்தான்.)

மிச்சமுள்ள ஒரு முழு ஆள், நல்லரத்தினம். ஜெயந்தனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இருவரும் வாசித்த நீரோசை இசைக்குழுவின் ட்ரம்ஸ்காரன். கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்து உரமேறிய கால் அவனுக்கு. அந்தக் காலால் கிக் ட்ரம்மை, அதுதான் மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய ட்ரம்மை, ஒன்றில் ஓர் உதை உதைத்தால் மண்டபத்துத் தகரம் அதிரும். அந்த நேரத்தில் ஜெயந்தன் கம்பியை அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

"கொஞ்சம் மெல்லமா உதையன்டா. என்ட சத்தம் கேக்குதே இல்ல."

"அது என்ட இடம் மச்சான். ஒண்டு எனக்கு, மறுகா நீ."

கேட்காத அடியை என்னத்துக்கு அடிப்பது என்று ஜெயந்தன் ஒன்றை விட்டுவிட்டான். விட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த உதைக்குப் பின்னால் வருகிற அவனுடைய சுரம் முன்னைவிடத் துலக்கமாகக் கேட்பது. மகத்தான அந்தப் பாணி இப்படித்தான் பிறந்தது. பாதி சோம்பல், பாதி கோபம்.

5

2004 நத்தார் தினம், டிசம்பர் 25, பின்னேரம். நகரத்தில் ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சி. சரீப் அம்ப் பெட்டியைப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்தார். ஜெயந்தனுக்குக் கை துருதுருத்தது. சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு, வேண்டுமென்றே, ஒன்றில் அடித்தான். நல்லரத்தினம் திரும்பி முறைத்தான். ஜெயந்தன் மறுபடியும் அடித்தான். நல்லரத்தினம் உதைத்த உதையில் கிக் ட்ரம்மின் தோல் கிழிந்தது.

"ஒண்டு எனக்கு எண்டு எத்தின தரம்டா சொல்லுற உனக்கு? மறுகாதான் நீ!"

மற்ற ட்ரம்களைச் சரீப் கடைக்கு அனுப்பிவிட்டு, கிழிந்ததை மட்டும் தோல் மாற்றுவதற்காக நல்லரத்தினம் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆட்டோவுக்குள் அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தவனிடம் ஜெயந்தன் குனிந்து, "கோவமா?" என்று கேட்டான்.

"மறுகா கதைப்பம்" என்றான் நல்லரத்தினம். ஆட்டோ பாலத்தில் ஏறியது.

அடுத்த நாள் காலையில் கடல் கல்லடிக்குள் வந்தது.

[இங்கே மூன்று பந்திகள் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்தக் காலையைக் கண்ட ஒருவர் இதை வாசிக்கக்கூடும், அவருக்கு முன்னால் அந்தப் பந்திகளை வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.]

நல்லரத்தினமும் தாயும் போனார்கள். கிக் ட்ரம்மும் போனது. தங்கை தக்ஷாயினி மட்டும் படுவான்கரையில், வெல்லாவெளியில், சித்தி வீட்டில் நின்றதால் தப்பினாள். ஜெயந்தன் நாட்கணக்காக அழுதான். சண்டையோடு அனுப்பிவிட்டேனே என்றுதான் அழுதான். அதற்குப் பிறகு அவன் ஒருபோதும் ஒன்றில் வாசிக்கவில்லை. முன்பு சோம்பலால் விட்ட இடத்தை இப்போது பயத்தால் விட்டான். அதில் கை வைத்தால் நல்லரத்தினத்தைத் தள்ளிவிட்டு அவன் இடத்தில் குந்தியதுபோல் ஆகிவிடும் என்று பயம்.

பத்திரிகைக்காரர் எழுதியது முழுப் பொய் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. பிழையான சொல்லைக் கேட்டுவிட்டுச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் மனிதர்.

6

2007இல் படுவான்கரையில் ஷெல் விழுந்தபோது வெல்லாவெளிச் சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. தக்ஷாயினியும் வந்தாள். வந்தவள் அண்ணனுடைய ட்ரம்களைத் தேடிக்கொண்டு சரீப் கடைக்குப் போனாள். அவர் அவற்றைப் பொலித்தீனால் மூடி வைத்திருந்தார். ஒரு குச்சியை எடுத்து அடித்துப் பார்த்தாள். பிறகு தினமும் வந்தாள். திருத்த வந்த ரேடியோக்களைவிட அவள் அதிகம் சத்தம் போட்டாள் என்று சரீப் சொல்வார்.

சண்டை ஓய்ந்து நீரோசை மறுபடியும் கூடியபோது, புதுக் கிக் ட்ரம்மோடு ட்ரம்ஸில் இருந்தவள் அவள்தான். முதல் நிகழ்ச்சி ஒரு பாடசாலை விழா. அதற்குள் ஞாயிறு இதழ் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. முன்வரிசையில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒவ்வொரு ஒன்றுக்கும் கண்ணை மூடித் தலைகுனிந்து அஞ்சலி செலுத்தினார். வாசித்தது எழுந்து ஆட வைக்கும் வேகமான பைலாப் பாட்டு. பாவம், அவருடைய கழுத்து.

எல்லாரும் ஜெயந்தனின் கையைப் பிடித்துக் கண்கலங்கிவிட்டுப் போனார்கள். தக்ஷாயினியை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்தது சித்தாண்டிக் கோயில் திருவிழா. அதற்கான ஒத்திகை சரீப் கடையில், மத்தியானத்தில். பாட்டு நடுவில் தக்ஷாயினி குச்சிகளை மடியில் வைத்தாள்.

"அண்ணா, நீங்களும் ஒண்டில வாங்க."

"அது சரிவராது தங்கச்சி."

"ஏன்?"

"அது உன்ட அண்ணன்ட இடம்."

"அப்ப நான் எங்க அடிக்கிற? நான் உதைக்க உதைக்க சனம் கண்ண மூடிட்டு அவன நினைக்குது. என்ட அடிய ஒருத்தரும் கேக்கல்ல. செத்த வீட்டில மேளம் அடிக்கிற மாதிரி இரிக்கு எனக்கு."

ஜெயந்தன் கம்பியைத் துடைத்தான். அது ஏற்கெனவே துடைத்த கம்பி.

"சித்தாண்டியிலயும் விட்டீங்க எண்டா, இந்தக் குச்சிய மேடையிலயே வச்சிட்டு வெல்லாவெளிக்குப் போயிருவன். இனி அடிக்க மாட்டன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அண்ணனின் பிடிவாதத்தில் ஒரு துளியும் கடல் கொண்டுபோகவில்லை. இவள் போனால் நீரோசையும் இல்லை, நல்லரத்தினத்தின் வீட்டில் மிஞ்சிய ஒரே சத்தமும் இல்லை. ஒன்றில் வாசித்தாலோ, கடைசியாக நல்லரத்தினம் திட்டிய திட்டை மீறியதாகிவிடும். ஜெயந்தனுக்கு வேறு வழி தெரியவில்லை. அதுவரை எவருக்கும் சொல்லாத அந்த நத்தார் சண்டையைச் சொன்னான். கிழிந்த தோலைச் சொன்னான். "ஒண்டு எனக்கு, மறுகா நீ" என்றதைக் கடைசியாகச் சொன்னான்.

தக்ஷாயினி சிரித்தாள்.

7

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படிச் சிரிப்பாளா ஒருத்தி? அழவைத்து ஒரு பிரதி எழுதினேன். 'அவள் கண்களில் வாவி —' என்று ஒரு வாக்கியம் வந்தது. பேனாவை மூடிவிட்டு எழும்பினேன். பிறகு ஜெயந்தனிடமே போய்க் கேட்டேன்.

"அழயெல்லாம் இல்ல. சிரிச்சதுதான். எழுதுற ஆக்கள் நீங்க, சும்மா சும்மா எங்கள அழ வைக்கிற" என்றான்.

ஆகவே, தக்ஷாயினி சிரித்தாள். சரீப் கையில் ஈயம் உருக்குகிற கோலோடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"அண்ணா, அவன் வீட்டிலயும் அப்பிடித்தான். முதல் புட்டு அவனுக்கு. கிணத்தில முதல் வாளி அவனுக்கு. எல்லாத்துக்கும் 'ஒண்டு எனக்கு, மறுகா நீ'தான்."

"நீ விட்டுக் குடுப்பியா?"

"நானா? பறிச்சுத்தான் திண்ட நான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், பறிக்காம இருந்திட்டன். வந்து நெத்தியத் தொட்டுப் பாக்கான். 'என்னடி, சுகமில்லயா உனக்கு?' எண்டு கேக்கான். அவனுக்குப் பறிக்க ஆள் வேணும்."

சரீப் கோலைக் கீழே வைத்தார். "அப்ப தம்பி, இந்த அஞ்சு வருஷமும் அவன் உன்ட நெத்தியத் தொட்டுப் பாத்துக்கிட்டு நிண்டிருப்பான்" என்றார்.

ஜெயந்தன் தன் நெற்றியை ஒருதரம் தடவிக்கொண்டான். (இதை அவன் மறுக்கிறான். நான் விடுவதாக இல்லை.)

8

சித்தாண்டி. கோயில் வீதியில் மேடை. பொழுது படுகிற நேரம். முன்வரிசையில் அதே அதிபர், இந்தத் தடவை கழுத்தில் ஒரு சால்வையோடு. மேடையில் தக்ஷாயினி குச்சிகளைத் தூக்குகிறாள். ஜெயந்தன் சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு, பெருவிரலைத் தடித்த கம்பிக்கு மேலே நிறுத்துகிறான்.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. அவன் ஒன்றில் அடிக்கிறான். உதையும் அடியும் ஒன்றாக விழுகின்றன. அதிபர் கண்ணைத் திறந்து, ட்ரம்ஸில் இருப்பது ஒரு பெண் என்பதைக் கண்டுபிடிக்கிறார்.

ஆ. அவன் விடுகிறான். செத்தவனுக்காக அல்ல, இந்த உதை தக்ஷாயினியுடையது, அது தனியாகக் கேட்கட்டும் என்று விடுகிறான். ஆனால் எதற்காக விட்டான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? குச்சிகள் கீழே —

இ. வாவியிலிருந்து அந்தப் பழைய கிக் ட்ரம் மிதந்து வந்து — மன்னிக்கவும்.

எது நடந்தது என்று ஜெயந்தனைக் கேட்டேன். "மறுகா சொல்லுறன்" என்றான். தக்ஷாயினியைக் கேட்டேன். "ஏன், அண்டைக்கு வந்திருக்கலாமே நீங்க" என்றாள். சரீப்பைக் கேட்டேன்.

"அண்டைக்கு என்ட ஸ்பீக்கர் ஒண்டு வெடிச்சிட்டு" என்றார். "எந்த அடிக்கு எண்டு மட்டும் கேக்காதீங்க."

ஆகவே பெருவிரல் இன்னும் கம்பிக்கு மேலே நிற்கிறது. தக்ஷாயினி குச்சியோடு குச்சி தட்டி எண்ணுகிறாள்: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு —

1

இதுதான் நான் விட்டுவைத்த இடம். மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டும் இருக்கலாம், பறித்தும் தின்னலாம். நான் உங்கள் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒண்டு உங்களுக்கு. மறுகா நான்.